குவீன்ஸ்டவுன் நகர்ப் புத்தாக்கம்

குவீன்ஸ்டவுன் சிங்கப்பூரின் முதல் துணைநகரம் ஆகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலவிய கடும் வீட்டுப் பற்றாக்குறையைப் போக்குவதற்காகக் கட்டப்பட்ட இந்நகரம், ஒரு தலைமுறைக்குள் களையிழந்து, பின்னர் பகுதி பகுதியாக மீளக் கட்டப்பட்டது.

தோற்றம்

சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை 1950-களின் தொடக்கத்தில் இதன் பணியைத் தொடங்கியது. 1953-இல் முடிசூடிய எலிசபெத் அரசியின் நினைவாகப் பெயரிடப்பட்டது. 1960-இல் உருவான வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) பணியை ஏற்று நிறைவு செய்தது. நாட்டின் முதல் முழுநேரக் கிளை நூலகம் 1970-இல் இங்குதான் திறக்கப்பட்டது. மலாயா தொடருந்துப் பணியாளர்கள் தோற்றுவித்த முனீசுவரன் ஆலயமும் இப்பகுதியில் உள்ளது.

சரிவு

அடுத்தடுத்து எழுந்த புதிய நகரங்களில் பெரிய வீடுகள் கிடைத்ததால் இளையோர் வெளியேறினர்; பெற்றோர் தங்கிவிட்டனர். கட்டுமானச் செலவைக் குறைக்கும்பொருட்டு, பழைய கட்டடங்களில் மின்தூக்கிகள் சில தளங்களில் மட்டுமே நிற்குமாறு அமைக்கப்பட்டிருந்தன. இளமையில் பொருட்படுத்தாத அப்படிகள் முதுமையில் பெருந்தடையாயின. இக்குறையை நீக்க நாடு தழுவிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் 2001-இல் தொடங்கப்பட்டது.

மறுமேம்பாடு

1995-இல் அறிவிக்கப்பட்ட ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்தின்படி, அரசு பழைய வீடுகளைச் சந்தை விலைக்கு வாங்கிக்கொண்டு, அருகிலேயே புதிய 99 ஆண்டுக் குத்தகையுடன் மாற்று வீடு வழங்குகிறது. இதில் 'அருகிலேயே' என்பதே முதன்மையானது. சென்னையில் ஆற்றங்கரைவாசிகள் பலர் நகர மையத்திலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் மாற்றப்பட்டபோது, வீடு கிடைத்தும் வேலையும் பள்ளியும் தொலைவாகிப் போனதை இங்கு ஒப்புநோக்கலாம்.

திட்டத்தின் பொருளியல் எளியது. தொடருந்து நிலையத்தை ஒட்டிய நிலத்தில் 10 மாடிக் கட்டடம் இருந்த இடத்தில் 40 மாடிகளுக்கு மேல் எழுப்பினால், கூடுதல் வீடுகளை இளங்குடும்பங்களுக்கு விற்கலாம். டாசன் வட்டாரத்தில் 2015-இல் நிறைவடைந்த ஸ்கைவில் 47 மாடிகள் கொண்டது. அதையொட்டிய ஸ்கைடெரஸ் வளாகத்தில், பெற்றோரும் மணமான பிள்ளைகளும் அடுத்தடுத்து வாழ்வதற்கேற்ற இணை வீடுகள் உள்ளன. முதியோர் மட்டுமே எஞ்சியிருந்த நகருக்கு இது பொருத்தமான வடிவமைப்பு எனலாம். 2003-இல் திறக்கப்பட்ட பயோபோலிஸ் ஆய்வு வளாகம் வேலைவாய்ப்பையும் கொண்டுவந்தது.

இழப்பும் எல்லையும்

2014-இல் டாங்லின் ஹால்ட் பகுதியின் 31 கட்டடங்கள் இத்திட்டத்திற்குத் தெரிவு செய்யப்பட்டன. புதிய வீடு அண்மையில் இருந்தாலும், கீழ்த்தளக் கடைகளும் அண்டை வீட்டாரின் அன்றாடச் சந்திப்பும் அப்படியே உடன் செல்வதில்லை. நூலகமும் பழைய காமன்வெல்த் அவென்யூ சந்தைக் கட்டடமும் பாதுகாக்கப்பட்டுள்ளன, திரையரங்கு இடிக்கப்பட்டுவிட்டது.

மேற்கூறிய கணக்கு எல்லா இடங்களுக்கும் பொருந்தாது. வீவக வீடுகளில் சுமார் 5 விழுக்காடு மட்டுமே இத்திட்டத்திற்கு ஏற்றவை என 2018-இல் பிரதமர் லீ சியன் லூங் தெரிவித்தார். ஏனையவற்றுக்காக, சுமார் 70 ஆண்டு பழைமையான குடியிருப்புகளில் வாழ்வோரே வாக்களித்து முடிவு செய்யும் மற்றொரு திட்டம் அப்போது அறிவிக்கப்பட்டது. அதில் இழப்பீடு குறைவாகவே இருக்கும். குத்தகை முடியும் வீடு இழப்பீடின்றி அரசிடம் திரும்பும். முதலில் விற்கப்பட்ட வீடுகளுக்கு அக்காலம் 2060-களில் வருகிறது.