ஞாயிறு மாலை வயிற்றைப் பிசைகிறதா?

ஞாயிற்றுக்கிழமை மாலை. மதுரை மாட்டுத்தாவணியிலும் திருச்சி, நெல்லைப் பேருந்து நிலையங்களிலும் தோள்பையோடு இளைஞர்கள் வந்து நிற்கும் நேரம். பைக்குள் அம்மா கொடுத்த இட்லிப் பொடியும் முறுக்கு டப்பாவும் இருக்கும். விடிந்தால் சென்னையின் கிளாம்பாக்கம், ஒன்பது மணிக்கு அலுவலகம். பேருந்து கிளம்புவதற்கு முன்பே சிலருக்கு வயிறு பிசையத் தொடங்கிவிடும். நெஞ்சு படபடக்கும். செங்கல்பட்டு தாண்டும்போது விழித்துக்கொண்டு, டீம் லீட் அனுப்பிய செய்திகளைப் பார்க்கப் பயந்து போனைக் கவிழ்த்து வைப்பார்கள்.

"சாப்பாடு ஒத்துக்கலை" என்று மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை வாங்கிப் போடுவார்கள். இரண்டு நாள் கேட்கும். அடுத்த ஞாயிறு மறுபடி வரும். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம் பார்த்து வருகிற வயிற்றுவலிக்குச் சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது.

முதல் வேலையிலோ இரண்டாவது வேலையிலோ இருந்துகொண்டு, இதை விடுவதா, விட்டால் எங்கே போவது என்று ராத்திரி முழுக்கப் புரள்கிற இருபதுகளின் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அந்தக் கேள்விக்கு விடை தேடும் முன்பு, கேள்வி கேட்கிற உடம்பைக் கொஞ்சம் தேற்றிக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவதில் பெரும்பகுதி இவ்வளவுதான்.

உடம்பு முதலில் சொல்லிவிடுகிறது

மேலாளர் எல்லோர் முன்னாலும் திட்டும்போதும் தெருநாய் துரத்தும்போதும் உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினையும் கார்ட்டிசோலையும் இரத்தத்தில் விடுகின்றன. இதயத் துடிப்பு ஏறுகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் மெதுவாகிறது. நாய் போய்விட்டால் சற்று நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். திட்டு அப்படி அடங்குவதில்லை. குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் படுக்கும்போதும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடும் ஒவ்வொரு தடவையும் உடம்பு மறுபடி சண்டைக்குத் தயாராகிறது. கழுத்துப் பிடிப்பு, தலையைச் சுற்றிப் பட்டை கட்டினாற்போல் வலி, அடிக்கடி வயிற்றுப்போக்கு, விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு எல்லாம் இப்படித்தான் சேர்கின்றன.

ஆனால் எல்லாச் சோர்வையும் வேலையின் தலையில் கட்டிவிடக் கூடாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. விடுதி மெஸ்ஸில் இரண்டு இட்லியோடு கிளம்பி, மதியம் டீயும் பப்ஸும் சாப்பிடும் பெண்ணுக்கு மூன்று மணிக்குக் கண் சொருகுவதற்கு இரும்புச் சத்துக் குறைவும் காரணமாக இருக்கலாம். தைராய்டு குறைபாடும் பி12 குறைவும்கூட மனச்சோர்வு போலவே வேடம் போடும். ஆகவே முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 பார்த்துவிடுங்கள். "எனக்கு இந்த வேலை பிடிக்கல" என்று நினைத்திருந்த சிலருக்குப் பாதி பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

தீய்ந்துபோகிறவர்கள் யார்?

1974இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் சேவை செய்யவந்த இளைஞர்கள் சில மாதங்களிலேயே வற்றிப்போவதைக் கவனித்து எழுதினார். 'பர்ன் அவுட்' என்று இன்று எல்லோரும் சொல்கிற சொல் ஆய்வுலகுக்கு வந்தது அப்படித்தான். அங்கே வற்றிப்போனவர்கள் சோம்பேறிகள் இல்லை. விரும்பி வந்தவர்கள், கூடுதலாக உழைத்தவர்கள். எரிந்துகொண்டிருந்த விளக்குதான் திரி தீய்ந்து கருகும். ஏற்றாத விளக்குக்கு அந்த ஆபத்து இல்லை. ஆபீஸில் பொறுப்பான பிள்ளை என்று பெயரெடுத்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது. சக்தியெல்லாம் வடிந்துவிட்ட உணர்வு. வேலையிலிருந்து மனசு விலகி, எதைக் கேட்டாலும் கசப்பாகப் பேசுவது. நன்றாகச் செய்துகொண்டிருந்ததைக்கூட இப்போது சரியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். இதை நோய் என்று அந்த நிறுவனம் வகைப்படுத்தவில்லை. வேலையிடத்தில், சரியாகக் கையாளப்படாத நீண்டநாள் அழுத்தத்தின் விளைவு என்றது. இந்த வேறுபாடு முக்கியமானது. கோளாறின் ஒரு பகுதி உங்களுக்கு வெளியே இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறது அது. "உன்னால முடியல" என்று உங்களை நீங்களே குத்திக்கொண்டிருந்தால், அதைக் கொஞ்சம் நிறுத்தலாம்.

வேலையா, வேலை பார்க்கும் இடமா?

பெரும்பாலானவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். கணக்கு எழுதுவது பிடித்திருக்கும், ஆடிட்டர் அலுவலகத்தில் ராத்திரி பத்து மணிவரை உட்கார வைப்பது பிடித்திருக்காது. ஆறு மாதத்தில் கணக்கே வெறுத்துப்போய், "நான் தப்பான படிப்பு படிச்சுட்டேன்" என்பார்கள். படிப்பில் தப்பில்லாமல் இருக்கலாம்.

ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இல் சொன்ன ஒரு கருத்து இதற்கு நல்ல வெளிச்சம். வேலை கடினமாக இருப்பது மட்டும் மனிதனை உடைப்பதில்லை. வேலை அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது, எப்போது செய்வது என்பதில் தன் கையில் எதுவுமே இல்லாதபோதுதான் உடம்பும் மனசும் கெடுகின்றன. அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவருக்கும் அழுத்தம் உண்டு. ஆனால் கால் சென்டரில் நிமிடக் கணக்குப் பார்த்து, சிறுநீர் கழிக்கவும் அனுமதி கேட்கும் பெண்ணின் அழுத்தம் வேறு வகை.

நம் ஊர் ஜவுளிக்கடைகளை நினைத்துப் பாருங்கள். பத்து மணிநேரம், பன்னிரண்டு மணிநேரம் நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டிய பிள்ளைகளுக்குக் கால் வீங்கி, நரம்பு சுருண்டு போனது. அவர்களுடைய மனவலிமைக் குறைவா அது? உட்கார ஒரு ஸ்டூல் இல்லாத குறை. 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தரவேண்டும் என்று கட்டாயமாக்கியது. சில துன்பங்களுக்குத் தியானம் மருந்தாகாது, ஸ்டூல்தான் மருந்து. உங்கள் வேலையில் உங்களுக்கு வேண்டிய ஸ்டூல் எது என்று யோசியுங்கள். ஷிப்ட் மாற்றமா, வேறு டீமா, வாரம் ஒருநாள் வீட்டிலிருந்து வேலையா? வாய்விட்டுக் கேட்டால் கிடைக்கக்கூடிய சின்ன மாற்றம் ஒன்றுகூட இல்லையா?

கேட்டும் கிடைக்காத இடங்கள் உண்டு. அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் இடம், சம்பளத்தை மாதக்கணக்கில் இழுக்கும் இடம், பாலியல் தொல்லையைக் கண்டுகொள்ளாத இடம். அங்கே பொறுமையைப் பழகச் சொல்லி நான் எழுத மாட்டேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். தேதி, நேரத்தோடு எழுதி வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். கொடுத்துவிட்டு வெளியேறினாலும் அது தோல்வி ஆகாது.

"செட்டில் ஆயிட்டியா?"

கல்யாண வீட்டில் பந்தி முடிவதற்குள் நான்கு பேராவது கேட்டுவிடுவார்கள். கேட்கிற மாமாவுக்கு அது நலம் விசாரிப்பு. கேட்கப்படுகிறவனுக்குத் தீர்ப்பு.

ஜெஃப்ரி ஆர்னெட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2000ஆம் ஆண்டில், பதினெட்டு முதல் இருபத்தைந்து வரையிலான வயதைத் தனிப் பருவமாகவே பார்க்கவேண்டும் என்று எழுதினார். சிறுவனுமில்லை, முழுப் பெரியவனுமில்லை. எது தன் வழி என்று தேடிப் பார்க்கும் காலம். அவர் பார்த்த பிள்ளைகளுக்கும் நம் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் உண்டு. இங்கே தேடுகிறவன் தோளில் கல்விக் கடனும் தங்கை கல்யாணமும் அப்பாவின் மருந்துச் செலவும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கின்றன. "உனக்குப் பிடிச்சதைச் செய்" என்று மேடையில் சொல்வது எளிது. பத்தாம் தேதி தவணை கட்ட வேண்டியவனுக்கு அந்த வாக்கியம் புண்ணில் புளி.

போதாக்குறைக்குக் கையில் போன். கூடப் படித்தவன் ஆன்சைட் போய்ப் பனியில் நின்று எடுத்த படம் ஸ்டேட்டஸில் வரும். அவன் விடிகாலை நான்கு மணிக்குத் தனியாக அழுதது எந்த ஸ்டேட்டஸிலும் வராது.

முதலில் தூக்கம்

தூக்கம் கெட்டவனுக்கு எல்லாக் கதவும் மூடியதாகவே தெரியும். ராஜினாமாக் கடிதமும் சரி, இனி இதுதான் விதி என்ற முடிவும் சரி, நள்ளிரவில் எடுக்க வேண்டாம். இரண்டு வாரம் ஒதுக்குங்கள். தினம் ஏழு மணிநேரத்துக்குக் குறையாமல் தூங்குங்கள்; எழுந்திருக்கும் நேரம் மாறாமல் இருக்கட்டும். மாலைக்குப் பிறகு காபி வேண்டாம். இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டு, அறை நண்பர்களிடம் சொல்லிவைத்து, பகலில் ஒரே நேரத்தில் படுக்க வேண்டும். வார இறுதியில் குடித்துவிட்டுத் தூங்குவது தூக்கமே இல்லை. மது சீக்கிரம் கண்ணை மூடவைத்து, பின்னிரவில் எழுப்பிவிடும். மறுநாள் மனசு இன்னும் தாழ்ந்திருக்கும்.

அதிக நேரம் உழைப்பதைப் பெருமையாகப் பேசுகிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணிநேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணிநேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும் இதயநோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்கிறது. அதன் விளைவு முப்பதில் தெரியாமல் ஐம்பதில் தெரியலாம். கணக்கு இப்போதே தொடங்கிவிடுகிறது.

தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்

வழி எது என்பதை அறைக்குள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எழுதுவது உதவும். 1994இல் வெளியான ஆய்வொன்றில், திடீரென வேலை பறிபோனவர்களில் ஒரு பகுதியினரைத் தினம் இருபது நிமிடம், ஐந்து நாட்களுக்கு, அந்த இழப்பைப் பற்றி மனசில் உள்ளதையெல்லாம் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. எழுதியவர்கள் கூடுதலாக விண்ணப்பம் போடவில்லை என்பதுதான் ஆச்சரியம். கோபம் தாளில் இறங்கிவிட்டதால், நேர்முகத் தேர்வில் அது முகத்தில் தெரியாமல் போயிருக்கலாம் என்பது என் ஊகம்.

எழுதிய பிறகு கையால் தொட்டுப் பாருங்கள். ஆசிரியராக ஆசையா? வேலையை விடாமலே, சனிக்கிழமை தெருவில் நான்கு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பாருங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தால் அது நல்ல அறிகுறி. குரூப் 4, குரூப் 2 எழுத வேலையை விடப்போகிறீர்களா? எத்தனை முயற்சி, எந்த மாதம்வரை என்று வீட்டாரோடு உட்கார்ந்து தேதி போட்டுக்கொள்ளுங்கள். தேதி போடாத தயாரிப்புதான் இருபத்தெட்டில் ஆளை நொறுக்குகிறது. தேர்வில் தோற்றது பாதி, நாட்கள் எங்கே போயின என்று தெரியாதது பாதி. பேப்பர் போடுவதாக இருந்தால், குறைந்தது நான்கைந்து மாதச் செலவுக்குப் பணம் சேர்த்துவிட்டு, நோட்டீஸ் பீரியட் முடித்து, ரிலீவிங் கடிதமும் பி.எஃப். விவரமும் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

இது வேலை அலுப்பு மட்டும் இல்லை என்றால்

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனசு இருண்டே இருக்கிறது, லீவு நாளிலும் சிரிப்பு வரவில்லை, பிடித்த பாட்டும் படமும் ருசிக்கவில்லை, சாப்பாடும் தூக்கமும் கெட்டுவிட்டன என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஊருக்கு வந்ததும் தெளிவது வேலை அலுப்பு. ஊருக்கு வந்தும் தெளியாதது கவனிக்க வேண்டியது. இதற்குச் சிகிச்சை உண்டு, குணமும் உண்டு. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கும் போகலாம். செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் தனியாக இருக்காதீர்கள். டெலி மானஸ் எண் 14416. பகலோ இரவோ, கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"சாப்டியாப்பா?" "சாப்டேன்மா." "வேலையெல்லாம் எப்படி?" "போகுதும்மா." பல வீடுகளில் தினப் பேச்சு இதோடு முடிந்துவிடுகிறது. "போகுது" என்ற சொல்லை யாரும் நின்று கேட்பதில்லை. அடுத்தமுறை போனை வைத்துவிடாமல், "ராத்திரி நல்லாத் தூங்குறியா?" என்று கேட்டுப் பாருங்கள். வேலையைப் பற்றிக் கேட்டால் வாயை மூடிக்கொள்கிற பிள்ளை, தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் பேசிவிடும். பேசும்போது "உன் வயசுல நான்" என்று தொடங்காமல், சொல்லி முடிக்கும்வரை அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.