அதிபர் மீது சட்டம் பாயுமா? அமெரிக்காவில் கட்சி விசுவாசத்தின் விலை

அமெரிக்க அதிபரைப் பதவியிலிருந்து நீக்க அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் இரண்டு படிகளை வகுத்துள்ளது. தேசத்துரோகம், லஞ்சம் உள்ளிட்ட பெருங்குற்றங்களுக்காகப் பிரதிநிதிகள் அவை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம்சாட்டலாம். செனட் அவை அதை விசாரிக்கும். அங்கு மூன்றில் இரு பங்கினர் உடன்பட்டால்தான் பதவி பறிபோகும். செனட் விசாரணை வரை சென்ற நான்கு வழக்குகளும் விடுவிப்பிலேயே முடிந்துள்ளன.

காரணம் எளிது. நாடாளுமன்றம் அதிபரைக் கண்காணிக்கும் என்று 1787இல் அரசமைப்பை வரைந்தவர்கள் நம்பினர். அந்த ஆவணத்தில் அரசியல் கட்சி என்ற சொல்லே இல்லை. அவைக்கு விசுவாசமாக இருக்க வேண்டிய உறுப்பினர் கட்சிக்கு விசுவாசமானபோது கணக்கு பிழைத்தது.

1868இல் விசாரிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஜான்சன், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களின் குடியுரிமைச் சட்டத்தை மறுப்பாணையால் தடுக்க முயன்றவர். 35 பேர் குற்றவாளி என்றனர். 19 பேர் மறுத்தனர். ஒரே வாக்கில் தப்பினார். அவரைக் காப்பாற்றியவர்களுள் ஏழு பேர் எதிரணியான குடியரசுக் கட்சியினர். கட்சியை மீறுவது மட்டுமே நீதியாகிவிடாது என்பதையும் இவ்வழக்கு காட்டுகிறது.

1974இல் நிலைமை வேறு. நிக்சன் ஒலிநாடாக்களை ஒப்படைக்க வேண்டும் என 8-0 எனும் கணக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த எண்மரில் மூவர் நிக்சனே நியமித்தவர்கள். பிரதிநிதிகள் அவையின் நீதிக்குழுவில் முதல் குற்றச்சாட்டு 27-11 என நிறைவேறியது. குடியரசுக் கட்சியினர் ஆறு பேர் ஆதரித்தனர். அரசமைப்பு எழுதப்பட்டபோது தம் மக்களுக்கு அதில் இடமில்லை என்பதை நினைவூட்டிய கறுப்பினப் பெண் உறுப்பினர் பார்பரா ஜோர்டன், அதே அரசமைப்பைக் காக்க அக்குழுவில் வாதிட்டார். சொந்தக் கட்சியின் ஆதரவை இழந்த நிக்சன் ஆகஸ்ட் 9 அன்று விலகினார். ஒரே மாதத்தில் அடுத்த அதிபர் ஃபோர்டு அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

2021இல் நாடாளுமன்றக் கட்டடத்தின் மீதான தாக்குதலைத் தூண்டியதாக டிரம்ப் விசாரிக்கப்பட்டார். தேவை 67 வாக்குகள், கிடைத்தவை 57. குடியரசுக் கட்சியின் 50 செனட்டர்களில் ஏழு பேரே அவருக்கு எதிராக வாக்களித்தனர். விடுவிக்க வாக்களித்த அக்கட்சியின் தலைவர் மெக்கானல், அதே நாளில், நடந்ததற்கு டிரம்ப்பே பொறுப்பு என்றும், முன்னாள் அதிபரை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றும் பேசினார்.

இந்த அச்சத்தின் ஊற்று உட்கட்சி வேட்பாளர் தேர்தல். பிரதிநிதிகள் அவையில் டிரம்ப்பைக் குற்றம்சாட்ட வாக்களித்த குடியரசுக் கட்சியினர் பத்துப் பேர். அடுத்த தேர்தலில் நால்வர் போட்டியிடவில்லை, நால்வர் உட்கட்சித் தேர்தலில் தோற்றனர், இருவரே மீண்டனர்.

நீதிமன்றக் கதவும் அகலத் திறக்கவில்லை. 2024 ஜூலை 1 அன்று, அதிபரின் அடிப்படை அதிகாரங்களுக்குட்பட்ட செயல்களுக்கு முழு விலக்கும், பிற அலுவல்சார் செயல்களுக்குக் குறைந்தது அனுமான விலக்கும் உண்டு என 6-3 எனும் கணக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த அறுவரும் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். நவம்பரில் டிரம்ப் வென்றதும் அவர் மீதான கூட்டரசு வழக்குகள் கைவிடப்பட்டன. நியூயார்க்கில் 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பானாலும் தண்டனை ஏதும் விதிக்கப்படவில்லை.

1948 நவம்பர் 4 அன்று வரைவு அரசமைப்பை முன்வைத்த அண்ணல் அம்பேத்கர் இதையே ஒப்பிட்டார்: அமெரிக்க முறை நிலைத்தன்மையைத் தருகிறது, நாடாளுமன்ற முறை ஆட்சியாளரை நாள்தோறும் பொறுப்புக்கூறச் செய்கிறது. நாம் தேர்ந்தது இரண்டாவது. ஆனால் 1985 முதல் பத்தாவது அட்டவணைப்படி, கொறடா உத்தரவை மீறும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். அங்கே தேர்தல் அச்சம் செய்வதை இங்கே சட்டமே செய்கிறது.

சட்டத்தின் முன் சமத்துவம் என்பது அதிகாரமற்றோரின் ஒரே கவசம். அது உச்சியில் கிழியும்போது முதலில் காயப்படுவோர் அடியில் இருப்பவர்களே. ஆகவே ஆட்சியாளர் குற்றம் செய்தாரா என்பதோடு நம் கேள்வி முடிவதில்லை. அவருடைய கட்சிக்காரர், பதவியை இழக்காமல் அதைச் சொல்ல முடிகிறதா என்றும் கேட்க வேண்டும்.