சிறு குழந்தைகளைத் தனியே விடுதல்: பெற்றோரும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

"குழந்தை உறங்குகிறது, கடைக்குச் சென்று ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம்." விபத்துக்குள்ளான குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வரும் பெற்றோர் பலர் கூறும் விளக்கம் ஏறத்தாழ இதுவே. அவர்கள் அன்பற்றவர்கள் அல்லர். சிறு குழந்தைக்கு எத்தனை விரைவாக ஆபத்து நேரும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. அதை விளக்குவதே இப்பக்கத்தின் நோக்கம்.

சிறு குழந்தைக்கு ஆபத்து ஏன் அதிகம்?

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆர்வம் உண்டு. ஆபத்தை உணரும் அறிவு இன்னும் வளரவில்லை. "தொடாதே" என்று நேற்றுக் கூறியதை அது இன்று நினைவில் வைத்து நடக்கும் என எதிர்பார்க்க இயலாது.

• நீர்: தவழும், தளர்நடையிடும் குழந்தைக்கு உடலை ஒப்பிடத் தலையின் எடை அதிகம். வாளியையோ அண்டாவையோ எட்டிப் பார்க்கையில் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. சில அங்குல நீரே போதுமானது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் குரல் எழுப்புவதில்லை. அடுத்த அறையில் இருப்பவருக்கும் கேட்காது.

• நஞ்சு: குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய், தின்னர், பூச்சிக்கொல்லி, கழிப்பறை அமிலம் ஆகியவற்றைக் குழந்தை பானமென எண்ணி அருந்திவிடும். எலிமருந்தும் பெரியோரின் மாத்திரைகளும் அவ்வாறே.

• தொட்டில் சேலை: சற்று வளர்ந்த குழந்தைகள் அதில் தனியே விளையாடும்போது துணி முறுக்கிக்கொண்டு கழுத்தை இறுக்கக்கூடும்.

• வாகனம்: வெயிலில் பூட்டிய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் உயரும். குழந்தையின் உடல் பெரியவர் உடலைவிட விரைவாகச் சூடேறும். சாளரத்தைச் சிறிது திறந்து வைப்பது பாதுகாப்பாகாது.

மேற்பார்வை என்பது யாது?

ஒரே வீட்டில் இருப்பது மட்டும் மேற்பார்வை ஆகாது. நீர், நெருப்பு, சாலை ஆகியவற்றின் அருகே குழந்தை கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். கைப்பேசியில் கவனம் செலுத்தியவாறு பார்த்துக்கொள்வதும் போதாது.

எட்டு வயது அக்காவிடம் தம்பியை ஒப்படைத்துச் செல்வது பல குடும்பங்களில் வழக்கம். அவளும் குழந்தையே. ஆபத்து நேரும்போது என்ன செய்வதென அவளுக்குத் தெரியாது. நேர்ந்துவிட்டால் அப்பழியை வாழ்நாள் முழுவதும் அவளே சுமப்பாள்.

திருமண வீடுகளிலும் விழாக்களிலும் "யாரேனும் பார்த்துக்கொள்வர்" என ஒவ்வொருவரும் எண்ணுவதால், எவரும் பார்ப்பதில்லை. எனவே "குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என ஒருவரிடம் கூறி, அவர் ஏற்றுக்கொண்டதை உறுதிசெய்த பின்னரே அவ்விடத்தைவிட்டு அகலுங்கள்.

பணிக்குச் செல்லும் பெற்றோர் என் செய்வது?

கூலி வேலைக்குச் செல்லாவிடில் அடுப்பெரியாது என்னும் நிலை பலருக்கு உண்டு. அங்கன்வாடி மையங்கள் 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு உணவும் முன்பருவக் கல்வியும் வழங்குகின்றன. உங்கள் பகுதிப் பணியாளரை அணுகுங்கள். சட்டப்படி, 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி அளித்தல் வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கு சென்றுவரலாம். அண்டை வீட்டாருடன் முறைவைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும் நல்ல வழியே.

சட்டம் கூறுவது என்ன?

குழந்தையைத் தனியே விடத்தக்க வயது இதுவென நம் நாட்டுச் சட்டம் வரையறுக்கவில்லை. எனினும், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, தேவையற்ற துன்பம் விளையும் வகையில் குழந்தையை வேண்டுமென்றே புறக்கணிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாகக் கருதுகிறது.

விபத்து நேர்ந்தால்

• உடனே 108ஐ அழையுங்கள்.
• மண்ணெண்ணெயோ அமிலமோ அருந்திய குழந்தையை வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். புட்டியை உடன் கொண்டுவாருங்கள்.
• நீரில் மூழ்கிய குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றாதீர்கள், வயிற்றை அழுத்தாதீர்கள். மூச்சில்லையெனில், பயிற்சி பெற்றவர் தாமதமின்றிச் செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் அளித்தல் வேண்டும்.
• தீப்புண்ணைக் குழாய்நீரில் 20 நிமிடம் குளிர்வியுங்கள். மை, பற்பசை, மஞ்சள் எதையும் தடவாதீர்கள்.

குழந்தை தனியே இருந்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். எவ்வளவு நேரம் தனித்திருந்தது, எதை, எவ்வளவு அருந்தியிருக்கக்கூடும் என்பவை சிகிச்சையைத் தீர்மானிப்பவை. அச்சத்தாலோ வெட்கத்தாலோ உண்மையை மாற்றிக் கூறினால், இழப்பது குழந்தைக்குரிய நேரமே.

ஆதரவற்ற நிலையில் தனித்திருக்கும் குழந்தையை எங்கேனும் கண்டால், 1098 என்னும் கட்டணமில்லாக் குழந்தைகள் உதவி எண்ணில் எந்நேரமும் தெரிவிக்கலாம்.

இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு. வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள், தொட்டிகளை மூடுங்கள், நஞ்சுப் பொருள்களைப் பூட்டி வையுங்கள். இவை உங்கள் கவனத்திற்குத் துணை மட்டுமே. அதற்கு மாற்று அல்ல.