கற்பூரம் போல் எழும் சாயம்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள், வகுப்பு முடிந்த பின், மாணவி ஒருத்தி துணிப் பொதியொன்றுடன் என் மேசையருகே வந்து நின்றாள். பொதியை அவிழ்த்தாள், பன்னிரண்டு தலையணை உறைகள். அவற்றில் முன்பு செவ்வரத்தம் பூக்கள் இருந்திருக்க வேண்டும். இப்போதோ, மழையில் நனைந்த சுவரிற் படிந்த கறை போல வெளிறிய நிழல்கள் மாத்திரமே எஞ்சியிருந்தன.

“சேர், ஒருமுறைதான் தோய்த்தது. எல்லாம் போய்விட்டது. நான் என்ன பிழை விட்டனான்?”

பிழை அவளுடையதன்று, என்னுடையது. கனடாவிலுள்ள மாமி அனுப்பிய மாற்றுச் சாயப் புட்டிகளை முன்னர் என்னிடம் காட்டி, எந்தத் துணி வாங்கலாம் என்று அவள் கேட்டபோது, “நல்ல பருத்தியாக வாங்கு, பிள்ளை, எங்கள் வெயிலுக்கு அதுதான் சுகம்” என்று சொன்னவன் நான். தாயாரின் சீட்டுக் காசிலே துணி வாங்கப்பட்டது. கலியாண வீடொன்றுக்கு ஒப்புக்கொண்ட வேலை அது. செயற்கை இழைக்கு மாத்திரம் உரியதெனப் புட்டியின் அடியிற் சிறிய எழுத்தில் இருந்ததை அவளும் வாசிக்கவில்லை. பதங்கமாதலைப் பல ஆண்டுகளாகப் படிப்பித்துவரும் நானும் வாசிக்கவில்லை.

பூசையறையில் மூடாது வைத்த கற்பூரம், உருகி ஓடாமலே நாளுக்கு நாள் குறைந்துபோவதை யாவரும் கண்டிருப்போம். திண்மம் திரவமாகாமல் நேரே ஆவியாவதே பதங்கமாதல். மாற்றுச் சாயமும் அவ்வினத்தது. அதனைத் தாளிலே தீட்டி உலரவிட்டு, தாளின் முகத்தைத் துணிமேற் கவிழ்த்து, ஏறத்தாழ 200 பாகை செல்சியசு வெப்பத்தில் அரை நிமிடம் அழுத்தினால், சாயம் ஆவியாகித் துணியினுட் புகும். பொலியெஸ்டர் இழையின் மூலக்கூறுகள் சாதாரண வெப்பநிலையில் நெருங்கி இறுகியிருப்பவை. அந்தச் சூட்டில் அவை நெகிழ்ந்து இடங்கொடுக்கின்றன. சாயம் உள்ளே கரைகின்றது. ஆறியதும் கதவு சாத்திக்கொள்ளும். பிறகு எத்தனை முறை தோய்த்தாலும் எளிதில் வெளிவராது. பருத்தியோ நீரை விரும்பும் இழை. நீரை வெறுக்கும் இச்சாயம் அதனுட் கரைவதில்லை. மேலே தூசிபோற் படிந்து, முதல் தோய்ப்பிலேயே போய்விடுகின்றது. இரண்டும் கலந்த துணியில், பொலியெஸ்டர் எவ்வளவோ அவ்வளவுக்கே நிறம் நிற்கும்.

இச்சாயத்தின் வரலாறும் சுவையானது. 1920ஆம் ஆண்டுகளில், அசற்றேற்று என்னும் செயற்கைப் பட்டு சந்தைக்கு வந்தபோது, வழக்கமான சாயங்கள் அதிற் பிடிக்கவில்லை. ஆதலின், நீரில் அரிதாகவே கரையும் சாயத்தை மிக நுண்ணிய தூளாக்கி நீரிற் பரப்பும் முறையை இரசாயன அறிஞர் வகுத்தனர். 1941இல் இங்கிலாந்தில் வின்பீல்ட், டிக்சன் என்னும் இருவர் பொலியெஸ்டர் இழையைக் கண்டனர். அதற்கும் இச்சாயங்களே பொருந்தின. ஆனால் அவற்றுட் சில, சூடேறினால் எழுந்து பக்கத்துத் துணியிற் கறையிடும். சாயக்காரர் வெறுத்த இக்குறையையே தொழிலாக்கியவர் பிரான்சு நாட்டு நோயல் டி பிளாஸ். 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் நிகழ்ந்தது அது. இன்று நம் பிள்ளைகள் பெயரும் இலக்கமும் பொறித்து அணியும் விளையாட்டுச் சட்டைகளிற் பெரும்பாலானவை இம்முறையின் வழிவந்தவையே.

வீட்டில் இதனைச் செய்ய விரும்புவோர் சிலவற்றைக் கவனித்தல் வேண்டும். தாளிலே மங்கித் தோன்றும் நிறம் துணியிலே பளிச்சென்று விளங்கும். ஆகையால் முதலில் ஒரு துண்டிற் சோதிக்க. எழுத்துகளைக் கண்ணாடியிற் காண்பதுபோல் மறுபுறமாக எழுதுக. (எங்கள் கலைவிழாத் திரையிலே ‘வருக’ என்பது தலைகீழாய்ச் சீன எழுத்துப்போல வந்து நின்ற கதை வேறு.) ஸ்திரிக்கைப் பெட்டியில் நீராவி கூடாது, அதை இழுத்துத் தேய்க்காது, தூக்கித் தூக்கி வைத்து அழுத்துக. தாள் சற்று நகர்ந்தாலும் உருவம் இரட்டிக்கும். யன்னல்களைத் திறந்து வைக்க. ஆவியைச் சுவாசித்தல் நன்றன்று.

இலைகளைக் கொண்டு செய்யும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. புத்தகத்தினுள் வைத்து உலர்த்திய முருங்கைக் கொப்பொன்றைத் துணிக்கும் சாயத் தாளுக்கும் இடையில் வைத்து அழுத்தினால், நிறத்தின் நடுவே வெள்ளை நிழலாக இலை தோன்றும். அந்த இலையின் முகத்திலே இப்போது சாயம் ஏறியிருக்குமல்லவா? அதனைத் திருப்பி, வேறோரிடத்தில் வைத்து மறுபடி அழுத்தினால் நரம்புகள் யாவும் பதியும். பச்சை இலை உதவாது. அதன் ஈரம் யாவற்றையும் கெடுத்துவிடும்.

பொலியெஸ்டரின் இன்னொரு குணம், சூட்டிற் பெற்ற வடிவை மறவாமை. மெல்லிய துணியில் உலர்ந்த கடலைகளை ஒவ்வொன்றாக வைத்து நூலால் இறுகக் கட்டி, அரைமணி நேரம் ஆவியில் அவித்து, முற்றாக ஆறியபின் அவிழ்த்தால், துணி முழுவதும் சிறு கொப்புளங்கள் எழுந்து நிற்கும். ஜப்பானிய ஆடைக் கலைஞர் இசே மியாக்கே 1993இல் வெளியிட்ட மடிப்பாடைகளும் இத்தன்மையால் ஆனவையே. ஆடையை இரண்டு மூன்று மடங்கு பெரிதாகத் தைத்த பின்னரே மடிப்பிட்டுச் சூடேற்றினார்கள்.

எனினும், சித்திரை வெயிலில் உடம்போடு ஒட்டும் இத்துணியை உடுக்குமாறு நான் எவர்க்கும் சொல்லேன். திரைக்கும் மேடை உடைக்கும் அது போதும்.

அந்தப் பன்னிரண்டு உறைகளின் கதி யாதாயிற்று? பொன்னிறத் தாள் கைகொடுத்தது. இத்தாளிலே பொன் இம்மியும் இல்லை. மெல்லிய அலுமினியப் பூச்சின்மேல் மஞ்சள் மெருகு, அவ்வளவே. துணியில் எங்கே பசை இட்டோமோ அங்கே மாத்திரம், சூட்டில் அழுத்தி ஆறவிட்டு உரித்தால், அது ஒட்டிக்கொள்ளும். பசைக்குப் பருத்தி, பொலியெஸ்டர் என்ற பேதம் பெரிதில்லை. மாணவியும் தாயாரும் இரவிரவாக இருந்து, வெளிறிய பூ ஒவ்வொன்றின் விளிம்பிலும் பசை இட்டுப் பொற்கோடு ஓட்டினார்கள். மங்கல் நிழலைச் சுற்றிப் பொன் மின்னியபோது, அதுவே திட்டமிட்ட அழகுபோலத் தோன்றிற்று. கலியாண வீட்டார் பதினொன்றுக்குக் காசு கொடுத்தனர்.

பன்னிரண்டாவது என் கதிரையில் இருக்கின்றது. அதனைக் குளிர்ந்த நீரில், உட்புறம் வெளியே திருப்பித்தான் தோய்க்க வேண்டும். மேலே ஸ்திரிக்கை போடக் கூடாது. இதை வீட்டில் இருமுறை சொல்லியாயிற்று.