வீட்டில் நடக்கும் விற்பனைக்கு வருபவர்களுக்குப் பெயர்ச் சீட்டு எதற்கு?

தோழிகளையும் அக்கம்பக்கத்தாரையும் வீட்டுக்கு அழைத்து, பொருளைக் காட்டி, ஆர்டர் எடுக்கும் முறையை உலகெங்கும் பரப்பியது டப்பர்வேர் என்ற பிளாஸ்டிக் டப்பா நிறுவனம். அமெரிக்கக் கடைகளில் அந்த டப்பாக்கள் சரியாக விற்கவில்லை. மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றி மூட வேண்டும் என்பதை யாராவது செய்து காட்டினால்தான் புரிந்தது. வீடுகளில் அப்படிச் செய்து காட்டி விற்றுவந்த பிரௌனி வைஸ் என்ற பெண்ணிடம், 1951இல் நிறுவனர் எர்ல் டப்பர் விற்பனைப் பொறுப்பையே ஒப்படைத்தார். இந்தியாவுக்கு டப்பர்வேர் 1996இல் வந்தது. இன்று நம் அடுக்ககங்களில் நடக்கும் சேலை விற்பனையும் நகை விற்பனையும் ஏறக்குறைய இதே வழியில்தான் நடக்கின்றன.

இந்தக் கூட்டங்களில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டுக்காரருக்கு வந்தவர்கள் எல்லோரையும் தெரியும். விற்க வந்தவருக்கோ வீட்டுக்காரரைத் தவிர எவரையும் தெரியாது. வந்தவர்களிலும் அலுவலகத் தோழி ஒரு பக்கம், நாத்தனார் ஒரு பக்கம், எதிர் வீட்டுக்காரர் ஒரு பக்கம் என்று ஒட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். பெயர் தெரியாததால் கேள்வி கேட்கத் தயங்குவார்கள். ஆர்டர் எழுதும்போது ஒருவர் கேட்ட பொருள் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். பெயர்ச் சீட்டு இந்தக் குழப்பத்தைப் பெரிதும் குறைக்கும்.

சீட்டில் அழைக்கும் பெயரை மட்டும், தடித்த மார்க்கரால், அறையின் மறுகோடியிலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதுங்கள். கீழே சின்ன எழுத்தில் “கல்லூரித் தோழி”, “மூன்றாம் மாடி” என்று ஒரு குறிப்பு இருந்தால் பேச்சு தானே தொடங்கும். தொலைபேசி எண் வேண்டாம். அது ஆர்டர் படிவத்தோடு நிற்கட்டும்.

எங்கே குத்துவது? ஒட்டும் சீட்டு பட்டுச் சேலையில் நிற்காது. நின்றாலும் பசை கறை விடலாம். ஊக்கு குத்தினால் துணியில் ஓட்டை விழும். இடப்பக்கம் வைத்தால் முந்தானை மடிப்பில் மறைந்துபோகும். எனவே சேலை கட்டி வருபவர்கள் அதிகம் என்றால் கழுத்தில் மாட்டும் நாடா அட்டைதான் சரி. எல்லோரும் ஓரிடத்தில் உட்கார்ந்தே இருக்கப்போகிறார்கள் என்றால், மடித்த அட்டையை ஒவ்வொருவர் முன்னும் நிறுத்திவைத்தாலும் போதும்.

வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்குக் கூச்சம். பெயரோடு “அக்கா”, “அம்மா” சேர்த்துச் சொன்னால் மரியாதையும் குறையாது, யாரைக் கூப்பிடுகிறோம் என்பதிலும் குழப்பம் இராது. “கார்த்திக் அம்மா” என்றே எல்லோருக்கும் தெரிந்த பெண்ணின் சீட்டில் அவருடைய சொந்தப் பெயரை எழுதுங்கள். எனக்கு இந்த வழக்கத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பல வருடம் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள்கூட அன்றைக்குத்தான் அவர் பெயரைத் தெரிந்துகொள்வார்கள்.

கூட்டத்தைக் கலகலப்பாக்க ஒரு விளையாட்டும் உண்டு. பெயரின் முதலெழுத்திலேயே தொடங்கும் அடைமொழி ஒன்றை அவரவரே சேர்த்துக்கொள்ள வேண்டும்: கனிவான கமலா, மலர்ந்த மாலதி. மோனை பழகிய நமக்கு இது எளிது, பெயரும் மறக்காது.

ஐந்தாறு பேர், அதுவும் எல்லோரும் பழகியவர்கள் என்றால் சீட்டு தேவையில்லை. பத்துப் பேரைத் தாண்டினால், வாசலிலேயே அட்டையும் மார்க்கரும் வைத்துவிடுங்கள்.