விடிகாலை ஐந்தரைக்கு அறை கிடைக்குமா?

சென்னையில் ஒன்றிரண்டு நாள் தங்கும் வேலையா? வாடகையைப் பார்க்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

மதுரையிலிருந்து வரும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் சென்னையில் வந்து நிற்கும்போது இன்னும் முழுதாக விடிந்திருக்காது. எழும்பூர் நிலையத்துக்கு எதிரே, கென்னட் லேன் பக்கம் உள்ள தங்கும் விடுதிகளின் வரவேற்பறைகளில் அந்த நேரத்தில் அடிக்கடி காணும் காட்சி இது. அப்பாவின் தோளில் தூங்கும் குழந்தை. சோபாவில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கும் பாட்டி. காலடியில் நான்கு பைகள். மேசைக்குப் பின்னால் இருப்பவர் கணினியைப் பார்த்தபடி சொல்கிறார்: “சார், உங்க புக்கிங் இருக்கு. ஆனா செக்-இன் 12 மணிக்குத்தான். இப்பவே ரூம் வேணும்னா ஒரு நாள் வாடகை சேரும்.”

அவர் சொல்வதில் தவறில்லை. பதிவு செய்தபோதே அது பொடி எழுத்தில் இருந்திருக்கும். ஆனால் இரவெல்லாம் பயணம் செய்து வந்த குடும்பத்துக்கு அந்த ஆறரை மணி நேரம் பெரும் தண்டனை. மருத்துவமனை, விசா நேர்காணல், உறவுக்காரர் கல்யாணம், நீதிமன்ற வாய்தா, பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை என்று வெளியூர்களிலிருந்து சென்னைக்கு வருகிறவர்களில் பலருக்கு ஒன்றிரண்டு நாள் வேலைதான். ஏசி, சுத்தமான குளியலறை, லிஃப்ட் உள்ள நடுத்தர ஓட்டலில் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துத் தங்குகிறார்கள். அந்தப் பணத்துக்கு அவர்கள் வாங்குவது நான்கு சுவர்களை மட்டுமல்ல, ஓய்வுக்கான நேரத்தையும்தான். அதனால் திட்டத்தை நேரத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒரே பயணம், மூன்று கணக்கு

தங்கும் விடுதிகள் இரண்டு வகையாக நாளைக் கணக்கிடுகின்றன. ஒன்று, பகல் 12 மணி முறை: நீங்கள் எப்போது வந்தாலும் அடுத்து வரும் பகல் 12 மணிக்கு நாள் முடிந்துவிடும். சில இடங்களில் உள்ளே நுழைவது பிற்பகல் 1 அல்லது 2 மணி, வெளியேறுவது காலை 11 மணி. இன்னொன்று, 24 மணி நேர முறை: காலை 6 மணிக்கு நுழைந்தால் மறுநாள் காலை 6 மணி வரை ஒரு நாள். தமிழ்நாட்டில் லாட்ஜுகளிலும் பழைய ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’ விடுதிகளிலும் இந்த இரண்டாவது முறை இன்னும் பரவலாக இருக்கிறது. புதிதாக வந்த ஓட்டல்கள் பலவும் முதல் முறைக்கே போய்விட்டன.

இந்த வித்தியாசம் பணமாக எப்படி மாறுகிறது என்று பார்ப்போம். வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு வந்து இறங்குகிறீர்கள். வெள்ளி இரவு 9 மணிக்குத் திரும்பும் ரயில். ஒரு நாள் வாடகை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

12 மணி முறை உள்ள ஓட்டலில், சலுகை எதுவும் தராவிட்டால், வியாழன் விடியற்காலையிலேயே நுழைவதற்கு ஒரு நாள், வெள்ளி நண்பகல் வரை ஒரு நாள், மாலை வரை அறையை வைத்துக்கொள்ள இன்னொரு நாள் என மூன்று நாள் வாடகை வரும்: 9,000 ரூபாய். இதே பயணத்துக்கு 24 மணி நேர விடுதியில் இரண்டு நாள் வாடகைதான்: 6,000 ரூபாய். மூன்றாவது வழியும் உண்டு. ரயில் நிலையத்திலேயே குளித்து முடித்து, ஓட்டலில் பையை மட்டும் ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போய், நண்பகலில் அறைக்கு வருவது. வெள்ளி நண்பகலில் காலி செய்து, பையை மறுபடி வரவேற்பறையில் வைத்துவிட்டு மாலை வரை வெளியே இருப்பது. வாடகை ஒரே நாள்: 3,000 ரூபாய்.

எது சரி என்பது யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. தனியாக நேர்காணலுக்கு வரும் இளைஞருக்கு மூன்றாவது வழி போதும். எழுபது வயது அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்து வருபவருக்கு அது ஆகாது. அவர் 24 மணி நேர விடுதியைத் தேட வேண்டும், அல்லது சீக்கிரம் நுழைவதற்கான கட்டணத்தை முன்பே பேசி முடிக்க வேண்டும். அரை நாள் வாடகைக்கு ஒப்புக்கொள்ளும் ஓட்டல்கள் நிறைய. முதல் நாள் இரவு அறை காலியாக இருந்தால் கட்டணமே இல்லாமல் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் இதையெல்லாம் முன்னாலேயே கேட்க வேண்டும். விடியற்காலையில் பையும் குழந்தையுமாக நிற்கும்போது பேரம் பேசும் நிலையில் நாம் இருக்க மாட்டோம்.

நிலையத்தில் குளித்துக் கிளம்ப நினைப்பவர்களுக்கு ரயில்வேயின் ஓய்வறைகள் உதவும். உறுதியான டிக்கெட் அல்லது ஆர்.ஏ.சி. டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் பதிவு செய்யலாம். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பொருள் வைப்பறையில் பையைக் கொடுப்பதானால் பூட்டுப் போட்டுக் கொண்டுபோங்கள். பூட்டாத பெட்டியை வாங்க மாட்டார்கள்.

வேலை எங்கேயோ, தங்குவதும் அங்கேயே

“எழும்பூரில் இறங்குகிறோம், எழும்பூரிலேயே தங்குவோம்” என்பது பழைய பழக்கம். இப்போது இறங்கும் இடமே மாறிவருகிறது. தென் மாவட்டப் பேருந்துகளுக்கான கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அது வண்டலூரை ஒட்டியது. நகரின் நடுப்பகுதிக்கு வர இன்னும் ஒரு பயணம் பாக்கி. எழும்பூர் நிலையச் சீரமைப்புப் பணிகளால் சில ரயில்கள் தாம்பரத்தோடு நிறுத்தப்பட்டதும் உண்டு. டிக்கெட்டில் இறங்கும் நிலையத்தின் பெயரை ஒருமுறை படித்துவிட்டே ஓட்டலைத் தேடுங்கள்.

குறுகிய தங்கலுக்கு நல்ல விதி இதுதான்: இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் அல்ல, காலையில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் தங்குங்கள். கிரீம்ஸ் சாலை மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு ஆயிரம் விளக்கு வட்டாரம் வசதி. மெட்ரோ நிலையமும் அருகில் இருக்கிறது. கல்லூரிச் சாலை கண் மருத்துவமனைக்கு நுங்கம்பாக்கம். உயர் நீதிமன்றத்தில் வேலை என்றால் பாரிமுனை நெரிசலில் அறை தேடி அலைய வேண்டாம். நீலத் தட மெட்ரோ வழியில் எங்கே தங்கினாலும் நீதிமன்ற வாசலருகே இறங்கலாம்.

அமெரிக்க விசாவுக்கு வருகிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைரேகைப் பதிவு ஓரிடம், நேர்காணல் வேறிடம். பெரும்பாலும் நாளும் வேறு. நேர்காணல் நடக்கும் அண்ணா சாலைத் துணைத் தூதரகத்துக்குள் கைபேசிக்கும் பைக்கும் அனுமதி இல்லை. நடக்கும் தூரத்தில் அறை இருந்தால், எல்லாவற்றையும் அங்கேயே பூட்டிவிட்டுக் காகிதங்களோடு மட்டும் போய் வரலாம்.

கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்கள் தி.நகரிலேயே தங்க வேண்டிய அவசியமில்லை. புறநகர் ரயிலில் மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு. அந்தத் தடத்தில் கிண்டி, கோடம்பாக்கம், எழும்பூர் என எங்கே தங்கினாலும் காரில் நெரிசலில் ஊர்வதைவிடச் சீக்கிரம் வரலாம்.

வாடகையும் வரியும்

செயலியில் பெரிய எழுத்தில் தெரியும் தொகை பெரும்பாலும் வரி சேராதது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு முன் 12 சதவீதமாக இருந்தது. 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம். எல்லைக்கோட்டில் உள்ள அறையை எடுக்கும்போது இதைக் கணக்குப் போட வேண்டும். 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 ரூபாய். 7,600 ரூபாய் அறைக்கு 8,968 ரூபாய். நூறு ரூபாய் கூடியதற்கு ஆயிரத்துக்கும் மேல் கூடுதலாகக் கட்டுகிறோம்.

பருவம் பார்ப்பதும் முக்கியம். மார்கழி இசை விழா, ஜனவரிப் புத்தகக் காட்சி, வளர்பிறை முகூர்த்த நாட்கள், தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் ஆகிய காலங்களில் அறைகள் அரிதாகும், வாடகை ஏறும். தேதியை மாற்ற முடிந்தால் முதலில் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிடுங்கள். முகூர்த்த நாளில் கீழே கல்யாண மண்டபம் உள்ள ஓட்டலில் மாட்டிக்கொண்டால், நள்ளிரவு வரை பாட்டுக் கச்சேரி, விடியற்காலையில் நாதசுரம். மறுநாள் அறுவை சிகிச்சைக்குப் போகிறவருக்கு அது பெரும் வேதனை.

போனில் ஐந்து நிமிடம்

செயலியில் பதிவு செய்தாலும் ஓட்டலுக்கு ஒருமுறை பேசிவிடுவது நல்லது. எண்ணைத் தேடும்போது எச்சரிக்கை தேவை. ஓட்டல் பெயரில் போலி எண்களைப் பரப்பி முன்பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். யாராவது ஓ.டி.பி. கேட்டாலோ, தெரியாத தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

பேசும்போது கேட்க வேண்டியவை இவை:

• செக்-இன், செக்-அவுட் எத்தனை மணி? நாங்கள் வருவது இத்தனை மணிக்கு. அறை கிடைக்குமா, எவ்வளவு கூடும்?

• ரத்து செய்தால் பணம் எந்தத் தேதி வரை திரும்பும்?

• வெந்நீர் நாள் முழுக்க வருமா, காலையில் மட்டுமா?

• லிஃப்ட் எல்லா மாடிக்கும் போகுமா? மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா?

• குழந்தைக்குக் கட்டணம் உண்டா? கூடுதல் படுக்கை கட்டிலா, தரையில் போடும் மெத்தையா?

• காலை உணவு எத்தனை மணிக்கு? ஏழு மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டியவருக்கு ஏழரைக்குத் திறக்கும் இலவச இட்லி, பொங்கலால் பயனில்லை.

நோயாளியோடு வருகிறவர்கள் இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். கஞ்சியோ ரசஞ்சாதமோ அறைக்குக் கொண்டுவந்து தருவார்களா? குளியலறைக்குள் நுழையும் இடத்தில் படி இருக்கிறதா?

இரண்டாவது கேள்வியை நான் பட்டுத்தான் கற்றேன். என் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து அறைக்குத் திரும்பினோம். பளிச்சென்ற அறை, நல்ல கட்டில், கனிவான பணியாளர்கள். குளியலறை வாசலில் மட்டும் அரையடி உயரப் படி. ஒரு கண்ணைக் கட்டியிருந்ததால் அம்மாவுக்கு உயரம் சரியாகத் தெரியவில்லை. கால் தடுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டார். விழவில்லை. ஆனால் அன்று இரவு அவர் எழும் ஒவ்வொரு முறையும் நானும் எழுந்து கையைப் பிடித்தேன். ஓட்டலின் படங்களில் அந்தப் படி எதிலுமே தெரியவில்லை.

அடையாள அட்டை

பெரியவர்கள் ஒவ்வொருவரும் முகவரியுள்ள அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும்: ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று. பான் அட்டையில் முகவரி இல்லாததால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். ஆதாரின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த வடிவத்தை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே தரவிறக்கலாம். நகல் கேட்கும் இடத்தில் அதைக் கொடுக்க முன்வாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ மருத்துவத்துக்கும் கல்யாண ஜவுளிக்கும் வருகிற உறவுகளுக்கு நடைமுறை வேறு. பாஸ்போர்ட்டும் விசாவும் காட்ட வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் அந்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு இணையவழி தெரிவிப்பது விடுதியின் கடமை. இதற்குத் தயாராக இல்லாத சிறு விடுதிகள் வாசலிலேயே மறுத்துவிடுவதுண்டு. பதிவு செய்யும் முன்பே “வெளிநாட்டு பாஸ்போர்ட், சரியா?” என்று கேட்டு வைப்பது அலைச்சலைத் தவிர்க்கும்.

அறைக்குள் முதல் பத்து நிமிடம்

பையைத் திறக்கும் முன் அறையைப் பாருங்கள். குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறதா, கழிப்பறையில் தண்ணீர் சரியாக இறங்குகிறதா, உள்தாழ்ப்பாள் விழுகிறதா, ஏசி சத்தம் போடாமல் குளிர்கிறதா, போர்வைக்குக் கீழே விரிப்பு துவைத்ததா. குறை இருந்தால் உடனே சொன்னால் அறையை மாற்றித் தர வாய்ப்பு அதிகம். உடைகளை அடுக்கிய பிறகு சொன்னால் “ஆள் அனுப்பறோம் சார்” என்ற பதிலே வரும். கடைசியாக ஒன்று: அவசரப் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று நடந்தே பார்த்துவிடுங்கள்.

பில்லைப் படியுங்கள்

அறையில் வைத்திருக்கும் தண்ணீர் பாட்டில் எது இலவசம், எதற்குக் காசு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டல்கள் பாட்டில் தண்ணீரை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது. சேவைக் கட்டணம் அப்படியல்ல. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விருப்பப்பட்டுப் பணியாளர் கையில் கொடுக்கும் தொகை வேறு; பாட்டிக்குக் கஞ்சி கொண்டுவந்தவருக்கு அதை மனமாரக் கொடுக்கலாம்.

கண் மருத்துவமனைக்கு மறுபரிசோதனைக்காக அம்மாவை மீண்டும் அழைத்து வந்தபோது நான் ஒரு சீட்டில் நான்கு வரி எழுதி வைத்தேன்: இறங்கும் நேரம், டாக்டரைப் பார்க்கும் நேரம், சொட்டு மருந்து ஊற்ற வேண்டிய நேரம், ரயில் நேரம். அதைப் பார்த்தபடியே மூன்று விடுதிகளுக்குப் பேசினேன். கிடைத்தது முன்பு தங்கியதைவிடச் சுமாரான அறை. சுவரில் வண்ணம் கொஞ்சம் உரிந்திருந்தது. ஆனால் விடியற்காலை ஆறு மணிக்குக் கதவு திறந்தது. குளியலறைக்குப் படி இல்லை. அம்மா தானாகவே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, எட்டு மணி வரை நிம்மதியாகத் தூங்கினார்.