கிருஷ்ணா ரெட்டியின் அச்சோவியங்கள்

கிருஷ்ணா ரெட்டி (1925–2018) இந்திய அச்சோவியக் கலைஞரும் சிற்பியும் ஆவார். ஆந்திராவின் சித்தூர் அருகேயுள்ள நந்தனூரில் பிறந்தார். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்றபின், 1947 முதல் 1949 வரை சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியத் துறைத் தலைவராக இருந்தார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

சர்ரியலிசத் தொடர்பு

சர்ரியலிசம் (மீயதார்த்தவாதம்) கனவையும் ஆழ்மனத்தையும் கலையின் ஊற்றாகக் கொண்ட இயக்கம். அவ்வியக்கத்தைச் சார்ந்த ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் 1927இல் பாரிஸில் தொடங்கிய அச்சுப்பட்டறை பின்னர் 'அத்லியே 17' எனப் பெயர் பெற்றது. மிரோ, மாக்ஸ் எர்ன்ஸ்ட் ஆகியோர் அங்குப் பணிபுரிந்தனர். 1950களில் அங்குச் சேர்ந்த ரெட்டி, பின்னர் அதன் இணை இயக்குநரானார்.

செய்முறை

வழக்கமாக ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனித் தகடு தேவைப்படும். ஹேட்டர், ரெட்டி, கைக்கோ மோட்டி முதலியோர் வளர்த்தெடுத்த முறையில் ஒரே தகடு போதும். உலோகத் தகட்டில் மேடும் பள்ளமுமாகப் பல மட்டங்கள் குடையப்படும். நல்லெண்ணெய் போல் நெகிழ்ந்த மையைக் கடினமான உருளை மேட்டில் மட்டும் பூசும். தேன் போல் கெட்டியான மையை மென்மையான உருளை பள்ளம்வரை கொண்டுசேர்க்கும். நெகிழ்ந்த மை கெட்டி மையை ஏற்காததால் வண்ணங்கள் கலவாமல் நிற்கும். 1963இல் உருவான 'நீர்ச்சுழல்' இம்முறைக்குச் சிறந்த சான்று.

சந்தையில் இடம்

ரவிவர்மா 1894இல் நிறுவிய அச்சகத்தின் படங்கள், முன்பே தீட்டிய ஓவியங்களின் நகல்கள். ரெட்டியின் அச்சோவியத்துக்கு முந்தைய மூலம் கிடையாது. தகட்டிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு தாளும் அசலே. கலைஞர் பென்சிலால் கையொப்பமிட்டு, '5/75' என்பதுபோல் எண்ணிடுவார். 75 தாள்களில் இது 5ஆவது என்பது அதன் பொருள். ஒரே படைப்பு பலரிடம் இருப்பதால், அதே கலைஞரின் ஓவியத்தைவிட அச்சோவியத்தின் விலை பொதுவாகக் குறைவு. நடுத்தர வருவாய் உள்ளவரும் அசல் படைப்பொன்றைச் சொந்தமாக்கிக்கொள்ள இது வழிவகுக்கிறது.

இச்சந்தை கலைஞரின் நேர்மையை நம்பி நிற்பது. 1974இல் சால்வடோர் டாலியின் கையொப்பம் மட்டுமே இட்ட சுமார் 40,000 வெற்றுத் தாள்களைப் பிரெஞ்சு சுங்கத்துறையினர் அந்தோரா எல்லையில் கண்டனர். அத்தகைய தாளில் எவரும் எதையும் அச்சிட்டு டாலியின் பெயரில் விற்கலாம். அதனால் அவருடைய பிற்கால அச்சோவியங்கள் அனைத்தின் மீதும் ஐயம் படிந்தது. உண்மையானவற்றை வாங்கியவர்களும் இழப்புக்கு ஆளாயினர். எனவே அச்சோவியம் வாங்குவோர் கையொப்பத்தோடு நில்லாமல், தாளின் வகை, தகட்டின் அழுத்தத் தடம், பதிப்பு எண், கைமாறி வந்த வரலாறு ஆகியவற்றையும் சரிபார்ப்பது அவசியம்.